தெற்கு வெளியில் குதிரை ஈன்ற காலை

நெடுந்தீவில் நான் மருத்துவிச்சியாக வேலை பார்த்த இரண்டரை வருடத்தில் அங்கே என் கையில் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் அதைவிடக் கூடுதல் நேரம். காற்றுக் கிளம்பினால் படகே இல்லை. அதனால் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பிரசவத் திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே கடல் கடத்தி, யாழ்ப்பாணத்தில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் இருத்திவிடுவோம். மாதாமாதம் இரத்த அழுத்தம் பார்ப்பேன். வயிற்றில் கை வைத்துத் தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். கடைசியில் இறங்குதுறை வரை போய், கையைப் பிடித்துப் படகில் ஏற்றிவிடுவேன். பிறகு ஒருநாள் போனில் துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகம் படமாக வரும்.

அதற்கு முன் ஆறு வருடம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ அறையில் இருந்தவள் நான். அங்கே ஒரு பிள்ளையின் முதல் அழுகை ஓய முன்னமே அடுத்த கட்டிலுக்கு ஓடவேண்டியிருக்கும். களைத்துப்போய்த்தான் மாற்றம் கேட்டேன். ஊர்காவற்றுறையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த எனக்குத் தீவு புதிதல்ல. குதிரைதான் புதிது.

முதன்முதலில் குதிரைகளை நான் கண்டது ஆவணி வெயிலில். தெற்கு வெளி முழுக்கச் சாம்பல் நிறமாகக் காய்ந்து கிடந்தது. விலா எலும்பு தெரிய, தலையைத் தொங்கப்போட்டு, ஒன்றின் நிழலில் ஒன்று நிற்க முயன்றுகொண்டிருந்தன. கழுதையைவிடக் கொஞ்சம்தான் உயரம். யாருக்கும் சொந்தமில்லாதவை, பரங்கியர் காலத்தில் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை என்றார்கள். படகில் வரும் சுற்றுலாக்காரர் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பாவமாக இருந்தது, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மாரி பெய்து ஓய்ந்ததும் அதே வெளி எனக்கு அடையாளம் தெரியவில்லை. பள்ளங்களில் தண்ணீர் நின்றது. கணுக்கால் அளவு புல். தை பிறந்ததும் ஒவ்வொன்றாகக் குட்டிகள் வரத் தொடங்கின. நேற்று இல்லாத ஒன்று இன்று தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கால்கள் மட்டும் பெரிய குதிரையினுடையவை போலவும் உடம்பு இன்னும் வந்து சேராதது போலவும் இருக்கும். வெளிக்குப் போகும் வழியில் எனக்கு மூன்று வீடுகள்தான். ஆனாலும் அந்த மாதங்களில் வாரத்தில் நான்கு நாள் அந்தப் பக்கம் போனேன்.

அந்த மூன்றில் கடைசி வீடு ஓர் அக்காவுடையது. அதற்கு அப்பால் பவளக்கல் மதில், மதிலுக்கு அப்பால் வெறும் வெளி. ஐந்து மாடு, கொஞ்சம் ஆடு. கணவர் கடலுக்குப் போகிறவர். அக்காவுக்கு நாற்பது வயது. கலியாணம் முடித்துப் பதினாறு வருடம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டாவது பிறந்து ஒரு பகல் மட்டும் இருந்தது. பிறகு பத்து வருடம் ஒன்றுமில்லை. நான் வந்த இரண்டாம் வருட மழைக்காலத்தில் ஒருநாள் கிளினிக்குக்கு வந்து, மற்றப் பெண்கள் எல்லாரும் போகும்வரை வாங்கிலில் இருந்துவிட்டு, "மிஸ்ஸி, எனக்கு நாலு மாதம் எண்டு நினைக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள்.

அதன் பிறகு அவளுடைய வீட்டுக்கு நான் போகாத கிழமை இல்லை.

வறண்ட காலத்தில் அவளும் கணவரும் கிணற்றிலிருந்து இறைத்து, மதிலோரம் ஒரு சீமெந்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். உவர் தண்ணீர்தான், ஆனாலும் குதிரைகள் வரும். அப்படி வந்து பழகியதில் ஒன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு செம்மண் நிறப் பெண்குதிரை. கை எட்டும் தூரத்துக்கு வரும், தொட விடாது. அந்த வருடம் அதுவும் சினையாக இருந்தது. அக்காவின் வயிற்றைப் பார்த்து முடிந்ததும் இரண்டு பேரும் மதிலில் சாய்ந்து நின்று அதைப் பார்ப்போம்.

"மடி இறங்கியிட்டுது, பாருங்கோ," என்றாள் ஒருநாள். "காம்பிலை மெழுகு மாதிரி ஒட்டியிருக்கு. இண்டைக்கோ நாளைக்கோ."

"ஈனேக்கை பாத்திருக்கிறீங்களோ, அக்கா?"

"இல்லை. இஞ்சை ஆரும் வடிவாக் கண்டதில்லை. கூட்டத்தை விட்டு எங்கையாவது தள்ளிப் போயிடும். விடியக் குட்டியோடை வந்து நிக்கும். மனிசர் பாத்தா அடக்கி வச்சிருக்கும் எண்டு இவர் சொல்லுறவர்."

அது உண்மைதான் என்று பிறகு வாசித்து அறிந்தேன். குதிரை நோவைச் சிறிது நேரம் தள்ளிப்போடுமாம். எத்தனை பெண்கள் என்னிடம் "நோவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ" என்று கதறியிருக்கிறார்கள்!

மறுநாள் அக்காவைப் படகேற்ற வேண்டிய நாள். திகதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. ஆனால் அவளுடைய வயதுக்கும் முந்தி நடந்தவற்றுக்கும் இனிமேல் அங்கே வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. காலை ஆறு மணிக்கே ஸ்கூட்டியில் போய்விட்டேன். படலையடியில் அவளுடைய பயணப்பை இருந்தது. வீடு திறந்து கிடந்தது. ஆளைக் காணவில்லை.

மதிலடியில் இருந்து கை காட்டினாள்.

"சத்தம் போடாமல் வாங்கோ, மிஸ்ஸி."

"அக்கா, படகுக்கு நேரமாகுது."

"அவளுக்கு ஏலாமல் கிடக்கு. வந்து பாருங்கோ."

மதிலுக்கு அந்தப் பக்கம், இருபது அடி தள்ளி, சுட்டிக் குதிரை ஒருக்களித்துப் படுத்திருந்தது. கழுத்து முழுக்க வியர்வை. அப்போதுதான் கடலால் திரும்பி வந்திருந்த அக்காவின் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், நனைந்த சாரத்தோடு பக்கத்தில் நின்றார். பன்னீர்க்குடம் உடைந்து கால் மணித்தியாலம் இருக்கும் என்றார். ஒரு நோவு வந்தது. குதிரையின் நான்கு கால்களும் விறைத்து நீண்டன. வாலடியில் வெண்ணிறச் சவ்வுக்குள் ஒரு சின்னக் குளம்பு தெரிந்தது. அதற்கு மேலே மூக்கு. நோவு தணிந்ததும் இரண்டும் உள்ளே போயின.

"ஒரு கால்தான் வருது," என்றேன். மற்றக் கால் எங்கேயோ மடங்கிக் கிடக்கிறது என்று விளங்கிவிட்டது. மனிதப் பிள்ளைக்கு இப்படி வருவது அபூர்வம். ஆனால் வழி ஒன்று, வருகிற உடம்பு ஒன்று, இடையில் தடக்கும் ஒன்று. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

தீவின் மிருக வைத்தியர் லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தார். போன் எடுத்தேன். நித்திரைக் குரலில் பேசியவர் விஷயத்தைக் கேட்டதும் தெளிவாகிவிட்டார்.

"நான் வந்து சேர முதல் குட்டி செத்திடும், மிஸ். நீங்கள்தான் பாக்கவேணும். நோவு நிக்கேக்கை குட்டியை உள்ளுக்குத் தள்ளுங்கோ. தள்ளினால்தான் இடம் வரும். குளம்பை உங்கடை உள்ளங்கையாலை மூடிக்கொண்டு முன்னுக்கு எடுங்கோ, கர்ப்பப்பை கிழியக்கூடாது. நேரே பின்னாலை நிக்காதேங்கோ, உதைச்சால் நெஞ்சு போயிடும்."

அக்காவை மதிலைத் தாண்டி வரவேண்டாம் என்று சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி குடம் உடைந்த அந்த நீரைத் தொடக்கூடாது, அதில் என்ன கிருமி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் சண்டை பிடிக்கவில்லை. குசினிக்குள் போய்ச் சவர்க்காரமும் ஒரு வாளி தண்ணீரும் நல்லெண்ணெய்ப் போத்தலும் எடுத்து வந்து மதில்மேல் வைத்தாள். தோள்வரை கழுவினேன். என்னிடமிருந்த கையுறை மணிக்கட்டுக்கு மேல் வராது, அதனால் அதைப் போட்டும் பயன் இல்லை. எண்ணெய் பூசிக்கொண்டேன்.

அண்ணை மெதுவாகப் போய்க் குதிரையின் தலைமாட்டில் முழங்காலில் இருந்தார். தோளில் கிடந்த சேர்ட்டை எடுத்து அதன் கண்ணை மூடினார். தொட விடாத குதிரை. ஒருமுறை தலையைத் தூக்கப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. அந்த விட்டுக்கொடுப்பு எனக்குப் பயமாக இருந்தது. களைத்துப்போன தாய்மார் சண்டையை நிறுத்தும் நேரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

குதிரையின் முதுகுப் பக்கமாக நிலத்தில் படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். அவ்வளவு சூட்டை நான் எதிர்பார்க்கவில்லை. மூக்கு, உதடு, பல் முளைக்காத ஈறு. உயிர் இருக்கிறதா என்று தெரியாமல் விரலை அதன் வாய்க்குள் வைத்தேன். ஒன்றும் இல்லை. பிறகு நாக்கு அசைந்தது. விரலைச் சுற்றி வளைந்து, மெல்ல, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், சப்பியது.

"உயிரோடை இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

மதிலடியில் அக்கா "அந்தோனியாரே" என்றது கேட்டது.

அடுத்த நோவில் என் கை எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிரசவ அறையில் எத்தனை தரம் "உங்களுக்கு நோகிறது எனக்கு விளங்குது அம்மா" என்று சொல்லியிருப்பேன்! நோவு தணிந்ததும் குட்டியின் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினேன். கொஞ்சம் இடம் வந்தது. கழுத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு கீழே தேடினேன். தோள், மேற்கால், மடங்கிய முழங்கால். மறுபடி நோவு. மறுபடி தள்ளல். மூன்றாம் தரம் விரல்கள் அதன் கணுக்காலைத் தாண்டிக் குளம்பை எட்டின. உள்ளங்கையால் மூடினேன்.

அது குளம்பு போல இருக்கவில்லை. கடினமாக ஏதோ இருக்கும் என்று நினைத்த இடத்தில், வழுவழுவென்று, விரல் விரலாகத் தொங்கும் ஏதோ. சின்ன வயதில் அப்பாவின் வலையிலிருந்து கணவாய் எடுத்துப் போடும்போது கையில் படும் அதே மென்மை. குட்டிக்கு ஏதோ குறை என்று நினைத்தேன். ஆனால் யோசிக்க நேரமில்லை. மூடிய கையோடு வளைத்து, மேலே தூக்கி, முன்னுக்கு எடுத்தேன். கால் நீண்டது. ஒரு கதவு திறந்தது போல எல்லாம் இளகியது.

அப்போது இறங்குதுறைப் பக்கம் படகின் ஊதல் கேட்டது. காலைப் படகு போகிறது. மூன்று பேருக்கும் கேட்டது.

அடுத்த நோவில் இரண்டு காலும் தலையும் வந்தன. அதற்கடுத்ததில் தோள். பிறகு நான் இழுக்கவே இல்லை, அது தானாக என் மடிமேல் வழுக்கி வந்தது. ஈரமான, சூடான, கறுத்த, இவ்வளவு நீளமான ஒரு உயிர். மூக்கிலிருந்த சவ்வைக் கிழித்தேன். தும்மியது. காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன. நான்கு குளம்புகளின் அடியிலும் அந்த வெண்மையான மென்விரல்கள். தாயின் உள்ளே ஓரிடமும் கீறாமலிருக்க, பதினொரு மாதமும் அந்தக் கூர்மையைப் பொத்தி வைத்திருக்கிற உறை அது என்று மிருக வைத்தியர் பின்னேரம் போனில் சொன்னார். நடக்கத் தொடங்கிய சில மணித்தியாலத்தில் தேய்ந்து விழுந்துவிடுமாம். நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்திருக்கிறேன். அண்ணை, "மிஸ்ஸி, எழும்புங்கோ, எழும்புங்கோ" என்று சொல்லித்தான் நினைவு வந்தது.

தொப்புள்கொடியை நான் தொடவில்லை. அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பின்வாங்கி மதிலைத் தாண்டினோம். தாண்டும்போது அண்ணையின் காலில் பட்டு ஒரு கல் சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக் குதிரை திடுக்கிட்டு எழும்பியது. கொடி அறுந்தது. குதிரை திரும்பியும் பாராமல் வெளிப்பக்கமாக ஓடிவிட்டது.

குட்டி புல்லில் தனியாகக் கிடந்தது.

பத்து நிமிடம் இருக்கும். இரண்டு காகம் வந்து மதிலில் இருந்தன. அக்கா கல் எடுத்தாள். "எறியாதேங்கோ, தாய் இன்னும் தூரப் போயிடும்" என்று கையைப் பிடித்தேன். கல்லைக் கீழே போட்டாள்.

"சத்தமே இல்லை, மிஸ்ஸி," என்றாள் மெல்ல. "என்ரை பிள்ளையும் அழேல்லை."

"குதிரைக்குட்டி அழாது, அக்கா. வயித்தைப் பாருங்கோ, மூச்சு வடிவாப் போகுது."

அவள் பார்த்தாள். அந்த ஈர விலா ஏறி இறங்குவதை, ஒவ்வொன்றாக எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்றக் கை தன் வயிற்றில் இருந்தது.

அப்போது தூரத்தில் ஒரு சத்தம். கனைப்பு இல்லை, அவ்வளவு பெரிய சத்தம் இல்லை. மூக்குக்குள் உருட்டுகிற, தாழ்ந்த ஒரு குரல். குட்டியின் ஒட்டியிருந்த காதுகள் எழும்பின. அரை மணித்தியாலமும் ஆகாத உயிர், அந்தக் குரல் எந்தத் திசை என்று அறிந்து தலையைத் திருப்பியது. முன்கால்களை ஊன்றியது. விழுந்தது. பின்பக்கத்தைத் தூக்கியது, மூக்கு மண்ணில் குத்த விழுந்தது. ஒவ்வொரு தரமும் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். ஐந்தாவதோ ஆறாவதோ தரம், நான்கு காலையும் நான்கு பக்கம் பரப்பிக்கொண்டு நின்றது.

தாய் வந்தது. எங்களை ஒருமுறை பார்த்தது. பிறகு நாங்கள் அங்கே இல்லாததுபோலக் குட்டியை நக்கத் தொடங்கியது.

கடற்கரைப் பக்கமிருந்து இரண்டு நாய்கள் இரத்த வாடைக்கு வந்தன. அண்ணை தடியைத் தேட முன்னமே, அதுவரை நான் கவனித்திராத ஓர் ஆண்குதிரை கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. ஓடிக்கூட வரவில்லை. தலையைத் தரையளவு தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடித்து நடந்தது. நாய்கள் அந்தத் தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அது குட்டிக்குக் கிட்ட வரவில்லை. பாதி வழியில் நின்று புல் மேயத் தொடங்கியது.

குட்டி பால் தேடியது. தாயின் முன்கால் இடுக்கில் தேடியது, வயிற்றில் தேடியது, ஒருமுறை மதிலுக்கு வந்து கல்லை நக்கிப் பார்த்தது. தாய் பொறுமையாக, இடுப்பைச் சற்றுத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. கடைசியில் கண்டுபிடித்தபோது அந்த உறிஞ்சும் சத்தம் எங்களுக்கு வடிவாகக் கேட்டது. அக்கா அழுதுகொண்டிருந்தாள். அண்ணை முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஆயிரம் பிரசவம் பார்த்தவள் என்று நான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அன்று காலை, இதற்கு முன் ஒன்றையும் நின்று பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

நஞ்சுக்கொடி விழுந்ததும், "மாட்டுக்குச் செய்யிற மாதிரி மரத்திலை கட்டவோ?" என்று அண்ணை கேட்டார். குதிரைக்கு என்ன முறை என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. நாய் எடுக்காமல், குழி வெட்டி ஆழமாகத் தாட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் கூட்டம் நகர்ந்தது. குட்டி, தடுமாறியபடி, ஆனால் யாரும் காத்திருக்க வேண்டாத வேகத்தில், நடுவில் போனது.

அன்று முழுக்க எனக்கு வேறொரு பயம். படகை விட்டது என் பிழை. அக்காவுக்கு ஏதாவது நடந்தால் யாருக்கு என்ன சொல்வேன்? பின்னேரம் இரண்டு தரம் போய் இரத்த அழுத்தம் பார்த்தேன். இரண்டாம் தரம், "நீங்கள் போய்ப் படுங்கோ மிஸ்ஸி, என்னைவிட உங்களுக்குத்தான் கூடிக்கிடக்கும்" என்றாள். மறுநாள் கடல் கொஞ்சம் குழம்பியிருந்தாலும் படகு ஓடியது. குறிகட்டுவான் வரை நானும் கூடப் போனேன். வழி முழுக்க என் வலக்கை முழங்கைக்குக் கீழே நீலமாக வீங்கியிருந்தது. அவள் அதைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் கிளினிக் நேரத்தில் போன் அடித்தது. அண்ணை. ஆனால் அவர் பேசவில்லை. போனைப் பிள்ளையிடம் பிடித்திருக்கிறார். அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண்பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. வாங்கிலில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒப்பரேசன்தான் செய்தவை," என்றார் பிறகு. "ரெண்டு பேரும் சுகம். நிப்பாட்டுறாளில்லை மிஸ்ஸி, ஒரே அழுகை." அவருடைய குரலில் முறைப்பாடு இருந்தது. அவ்வளவு சந்தோஷமான முறைப்பாட்டை நான் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளையோடு வந்தாள். அந்த வருடக் கோடை கடுமை. பள்ளங்கள் வற்றிக் குட்டிகள் சில செத்தன. செத்தவை வெளியில் கிடந்த நாட்களில் நான் அந்தப் பாதையைத் தவிர்த்தேன். அக்கா இடுப்பில் பிள்ளையோடு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். இளைஞர்கள் சிலர் தாங்கியில் தண்ணீர் கொண்டுவந்து வேறு இடங்களிலும் ஊற்றினார்கள்.

ஐப்பசியில் எனக்கு ஊர்காவற்றுறைக்கு மாற்றம் வந்தது. புறப்பட முதல் நாள் மதிலடிக்குப் போனேன். முதல் மழை பெய்திருந்தது. தூரத்தில் ஒரு கூட்டம் நின்றது.

"அங்கை பாருங்கோ," என்றாள் அக்கா, பிள்ளையின் கையையே பிடித்துக் காட்டியபடி. "அந்தக் கறுவலுக்குப் பக்கத்திலை நிக்கிறது. உங்கடை குட்டி. கறுப்பு மயிர் எல்லாம் கொட்டுண்டு தாயின்ரை நிறம் வந்திட்டுது. தெரியுதோ?"

கறுவலைச் சுற்றி நின்ற குட்டிகள் எல்லாம் செம்மண் நிறம். எல்லாம் ஒரே உயரம். எல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. நெடுநேரம் பார்த்தேன்.

"ஓம், அக்கா," என்றேன். எனக்குத் தெரியவில்லை.